குடியை விட்டவரும் ஓயாத யோசனையும்

திருவள்ளுவ நாயனார் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குறளில் அது 93ஆவது அதிகாரம். குடிப்பவனைக் கண்டால் பெற்ற தாயின் முகமும் கோணும் என்றும், வெறியில் இருப்பவனுக்குப் புத்தி சொல்வது தண்ணீருக்குள் அமிழ்ந்தவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்றும் சொல்லி வந்தவர், கடைசிக் குறளில் குடிக்காத வேளையை எடுத்துக்கொள்கிறார். தெளிவாக இருக்கும் அந்த வேளையில், வெறித்துக் கிடக்கும் வேறொருவனைக் கண்டாவது தன் நிலையை இவன் நினைத்துப் பாரானோ என்று கேட்டு அதிகாரத்தை முடிக்கிறார்.

அப்படி நினைத்துப் பார்த்துக் குடியை விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விட்டதன் பின்னர் அவர்கள் படும் பாட்டைத்தான் ஊர் அறிவதில்லை. போத்தல் போய்விட்டது, இனி எல்லாம் சரி என்று வீட்டாரும் அயலவரும் எண்ணிக்கொள்கின்றனர். கை விட்டதை மனம் அவ்வளவு இலகுவில் விடுவதில்லை. விட்ட நாளிலிருந்து மனத்துக்கு வேலை கூடிவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்கு ‘யோசனை’ என்று பெயர். "ஆள் குடியை விட்டிட்டார், ஆனால் ஒரே யோசனை" என்று மனைவிமார் சொல்வது இதைத்தான். அந்த யோசனை என்ன, சைவம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அதனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பவை கோயில் மலரொன்றில் பேசவேண்டிய விடயங்களே.

கிராமத்துக் கோயில்களில் கொடியேறினால் குடிப்பழக்கம் உள்ளவர்களும் குடியை நிறுத்திவிடுவார்கள். உபயகாரர் வீட்டிலும் தெருக்கரை மதவிலும் ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். (சில உபயகாரர் வீட்டுப் பின்வளவில் வேறு கதை நடப்பதும் உண்டு. அதை அறிந்தும் அறியாதவர்போல இருக்கும் பரிபாலன சபையினரும் உண்டு.) பத்து நாளோ பதினைந்து நாளோ தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, தேர்வடம் பிடித்து, தீர்த்தமாடி முடித்த ஒருவர், வைரவர் மடை முடிந்த மறுநாள் மாலையே தவறணைச் சந்தியில் நிற்பதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பத்து நாள் விடமுடிந்தவருக்குப் பதினோராம் நாள் ஏன் முடியவில்லை? பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வது எளிது. திருவிழாக் காலத்தில் அவருக்கு விடிய எழுந்தால் வேலை இருந்தது, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், இரவில் களைப்பும் நித்திரையும் இருந்தன. யோசனைக்கு இடமில்லை. பந்தல் பிரித்தபின் வீடும் வெறுமையும் அவரும் மாத்திரமே மிஞ்சுகின்றன.

எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பத் தலைவரை எண்ணிக்கொள்ளலாம். ஐம்பது வயதை எட்டியவர். இருபது வருடங்களுக்கு மேலாகக் குடித்தவர். விட்டு நாற்பது நாளாகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. தூரத்தில் நாய் குரைக்கிறது. வளவுக்குள் காவோலை ஒன்று விழுகிறது. அவ்வளவுதான், மனம் தொடங்கிவிடுகிறது. மகளின் சாமத்தியச் சடங்கில் வெறியில் மைத்துனரோடு சண்டை பிடித்தது. அடைவு வைத்து மீளாத தாலிக்கொடி. தகப்பனின் அந்தியேட்டிக்குத் தள்ளாடிக்கொண்டு போனது. அன்று பின்னேரம் சட்டைப் பையை மனைவி தனக்குத் தெரியாமல் தடவிப் பார்த்தது. ‘நாற்பது நாளாகியும் நம்பவில்லையே. நம்பாதவர்களுக்காக ஏன் விடவேண்டும்? இனி விட்டுத்தான் என்ன வந்துவிடப் போகிறது? போனது போனதுதானே. நான் பிறவியிலேயே உருப்படாதவன்.’ நாலரை மணிக்குக் கோயில் மணி கேட்கும்வரை இதே வட்டம் சுற்றுகிறது. காலையில் எழும்போது, குடிக்காமலேயே குடித்தவர்போல அவருக்குத் தலை கனக்கிறது.

இங்கே உடம்பின் பங்கை முதலில் சொல்லிவிட வேண்டும். நீண்ட காலம் நாளாந்தம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்களில் கைநடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, படபடப்பு என்பன வரும். சிலருக்கு வலிப்பும், இல்லாத உருவங்கள் தோன்றுதலும், புத்தி தடுமாறுதலும் வரும். இவை உயிருக்கே ஆபத்தானவை. கிராமங்களில் இதைக் கண்டு காத்தான் பிடித்துவிட்டது, வைரவர் கோபம் என்று சொல்லி நூல் கட்டுபவரிடம் ஓடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வைரவப் பெருமானுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை. நாடவேண்டியது வைத்தியசாலையை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. வைத்தியரின் மேற்பார்வையில் மருந்தோடும் உயிர்ச்சத்து பி1 போன்றவற்றோடும் நிறுத்துவது தெய்வ நம்பிக்கைக்குக் குறைவானதன்று.

முதல் வாரம் கடந்தபின்னும் நித்திரைக் குழப்பமும் மனச்சோர்வும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஆண்டுக்கணக்கில் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது இல்லாமல் இயங்கப் பழகுவதற்கு எடுக்கும் காலம் அது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு வரும் இருண்ட எண்ணத்தில் பெரும் பகுதி, உடம்பு பழைய கடனை அடைக்கும் ஓசையே. அதை அந்த மனிதரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. பசியிலும், கோபத்திலும், தனிமையிலும், களைப்பிலும் இந்த ஓசை கூடுவதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். வேளைக்குச் சோறு, மாலையில் ஒரு பிளேன்ரீ, பேச ஒரு ஆள் என்பவற்றைச் சின்ன விடயங்கள் என்று தள்ளிவிட முடியாது.

போரின் நினைவுகளை மறைப்பதற்காகக் குடித்தவர்களின் நிலை இன்னும் கடினம். 1995இல் ஊரைவிட்டு இரவோடிரவாக நடந்தவர்களும் 2009இல் வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். போத்தல் மூடிவைத்திருந்த அந்த நினைவுகள் போத்தலை விட்டதும் மேலே வருகின்றன. அதைத் தனியே சுமக்கச் சொல்வது நீதியன்று. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடம் அனுப்புவதே முறை.

இனி, இந்த எண்ணங்களை என்ன செய்வது? அடக்கிவிட வேண்டும் என்றே பலர் முயல்கின்றனர். நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடிக்கின்றனர். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லிவிட, மருந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குரங்கே வந்து நின்ற கதையைச் சிறுவர்களும் அறிவர். அமெரிக்க உளவியலாளர் டானியேல் வெக்னர் 1987இல் மாணவர்களைக் கொண்டு இதையே சோதித்துக் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைத்தால் மணியை அடி என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதுவுமன்றி, முதலில் அடக்க முயன்றவர்கள் பிறகு நினைக்க அனுமதிக்கப்பட்டபோது, மற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். குடியை விட்டவருக்குக் குடி நினைவு இப்படித்தான். தள்ளத் தள்ள வரும். வந்ததனால் அவர் தோற்றுவிட்டார் என்பதில்லை.

சைவசித்தாந்தம் இதற்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஆன்மாவுக்கும் அந்தக்கரணங்களுக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறது. சித்தம், மனம், அகங்காரம், புத்தி என அவை நான்கு. ஆன்மா இவற்றில் எதுவும் அன்று, இவற்றோடு கூடி நின்று தொழிற்படுவது என்பது சூத்திரத்தின் கருத்து. அங்கே தரப்படும் உவமை அரசனும் அமைச்சரும். அமைச்சர்கள் சேதி கொண்டுவருவார்கள், ஆலோசனை சொல்வார்கள், வாதிடுவார்கள். ஆயினும் சிங்காசனத்தில் இருப்பவர்கள் அவர்களல்லர்.

மாலை ஆறு மணிக்குச் சைக்கிளில் சந்தியைக் கடக்கும் ஒருவருக்கு இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். சித்தம் பழைய மாலைப்பொழுதொன்றை எடுத்து முன்னே வைக்கிறது. மனம் அதைப் பற்றிக்கொண்டு போவதா விடுவதா என்று ஐயுறுகிறது. அகங்காரம் ‘நான்’ என்று எழும்புகிறது. ‘நான் உழைத்த காசு, என்னைக் கேட்க யார்’ என்று எழும்பும். இரவு இரண்டு மணியானால் அதே அகங்காரம் ‘நான் உருப்படாதவன், எனக்கு மீட்சி இல்லை’ என்று வேறு வேடத்தில் எழும்பும். தன்னை உயர்த்திப் பேசுவது மட்டுமே அகங்காரம் என்று எண்ணுவது வழக்கம். தன்னைத் தாழ்த்தித் தாழ்த்தித் தன்னையே சுற்றிக்கொண்டிருப்பதும் அதன் வேலைதான். முடிவில் துணிவது புத்தி. இந்த நாலும் மின்னல் வேகத்தில் நடந்துவிடுவதனால், ‘எனக்கு அப்படித் தோன்றியது, அதனால் செய்தேன்’ என்று மனிதர் சொல்கிறார். தோன்றியது சித்தத்தில். செய்ததற்கு முன்னே இன்னும் மூன்று படிகள் இருந்தன.

கச்சேரி என்று முன்னாளில் வழங்கிய அரச அலுவலகத்துக்கு ஒரு நாளில் நூறு கடிதம் வரும். உள்வரும் கடிதப் பதிவேட்டை வைத்திருக்கும் இலிகிதர், கடிதம் வந்துவிட்டதே என்று பதறுவதில்லை. வராதே என்று தபாற்காரரோடு மல்லுக்கு நிற்பதுமில்லை. திகதியிட்டுப் பதிகிறார். எது இன்றே பார்க்கவேண்டியது, எது கோவையில் கிடக்கக்கூடியது என்று பிரிக்கிறார். அவற்றுள் பெயரும் ஒப்பமும் இல்லாத மொட்டைக் கடிதங்களும் இருக்கும். எழுத்துப் பெரிதாக இருக்கும், குற்றச்சாட்டுக் கடுமையாக இருக்கும், உடனே நடவடிக்கை எடு என்று மிரட்டும். அனுபவமுள்ள இலிகிதர் அதைப் படித்துக் கலங்கிப்போய் அதிகாரியை எழுப்ப ஓடமாட்டார். இரவு இரண்டு மணிக்கு ‘நீ உருப்படமாட்டாய்’ என்று வருவது அத்தகைய மொட்டைக் கடிதமே. ‘மகளின் பள்ளிக்கூடப் பணம் கட்டவில்லை’ என்று வருவது ஒப்பமிட்ட கடிதம். அதற்கு விடிந்ததும் செய்யவேண்டிய காரியம் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பல வருடம் மதுவுக்கு அடிமையாகி மீண்ட சிலர் தலைமாட்டில் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருப்பார்கள். எழும்பி ஒரு வரி எழுதிவிட்டுப் படுப்பார்கள். அதுவும் பதிவேடுதான்.

சைவ உலகில் இதற்குப் பெருஞ்சாட்சியாக நிற்பவர் அருணகிரிநாத சுவாமிகள். திருவண்ணாமலையில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பர். இளமையில் சிற்றின்பத்தில் அழுந்திப் பொருளும் உடலும் இழந்தார் என்றும், பின்னர் மனம் வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தின்மேல் ஏறிக் கீழே விழுந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைக் கைகளில் தாங்கினான் என்றும் கர்ணபரம்பரை வரலாறு கூறுகிறது. இந்த வரலாற்றைக் கூறுபவர்கள் அவரது பழைய வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, கோபுரத்தை ஒரு வசனத்தில் கடந்துவிடுவார்கள். சற்று நின்று பார்க்கவேண்டிய இடம் அது. தீயொழுக்கத்தில் கிடந்த காலத்தில் அவர் கோபுரம் ஏறவில்லை. அதை வெறுத்து விட்டுத் திரும்பிய பின்னரே ஏறினார். அவரைக் கோபுரத்துக்கு ஏற்றியது பாவமன்று. பாவத்தைப் பற்றிய ஓயாத யோசனை. குடியை விட்டவர் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக நித்திரை கொள்ளும் காலமும் ஏறத்தாழ இதுவே என்பதை உறவினர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஒருவர் வாயில் வருமானால், அதை வெறும் பேச்சென்று விடாமல் அவரைத் தனியே விடாது அருகிருந்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தினர் பேசுவார்கள்.

தாங்கிய முருகன் என்ன செய்தான்? பழைய கணக்கைக் கேட்கவில்லை. சும்மா இருக்கச் சொன்னான் என்பது கந்தரநுபூதியால் அறியப்படுவது. பேச்சும் நினைப்பும் ஓய்ந்து இருத்தல் என்று பெரியோர் அதற்குப் பொருள் உரைப்பர். அதன்பின் பாடும்படி பணித்தான் என்பது வரலாறு. சும்மா இருத்தலும் பாடுதலும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும். தன்னைப் பற்றிய பேச்சை நிறுத்து, என்னைப் பற்றிய பேச்சைத் தொடங்கு என்று கொண்டால் முரண் இல்லை. இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாடல்களே 1300க்கு மேல். கதிர்காமத்துக்கும் திருக்கோணமலைக்கும் உரிய பாடல்களும் அவற்றுள் உண்டு. பழைய வாழ்க்கை அந்தப் பாடல்களில் மறைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பாட்டுக்குப் பாட்டு அதைச் சொல்லுகிறார். சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் முருகன் திருவடியில் கொண்டுபோய் முடிக்கிறார்.

மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாய் என்று இழித்துரைத்தார், அப்பர் சுவாமிகள் வீணாள் கழித்ததை எண்ணி இரங்கினார், அப்படியானால் தன்னை நொந்துகொள்வது பக்திதானே என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அருளாளர்களின் நோதல் ஒருவனுக்கு முன்னால் சொல்லப்பட்டது. கேட்பவன் கருணையுடையவன் என்று தெரிந்து சொல்லப்பட்டது. ஆகவே அது அழுகையாய்த் தொடங்கி ஆறுதலில் முடிகிறது. இரவு இரண்டு மணி யோசனையில் சொல்பவரும் கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவரே. அது முடிவதற்கு வழியில்லை. ஆகவே சுற்றுகிறது. வித்தியாசம் தெரியவேண்டுமானால், எண்ணம் முடிந்தபின் மனம் இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதே யோசனை இன்னொரு இடத்திலும் மனிதரைக் கவிழ்க்கும். மூன்று மாதம் விட்டிருந்தவர் ஒரு கலியாண வீட்டில் ஒரு கிளாஸ் எடுத்துவிடுகிறார் என்று கொள்ளலாம். அந்த ஒரு கிளாஸ் தவறுதான், ஆபத்தானதும்தான். ஆனால் அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்வது அடுத்து வரும் எண்ணம். ‘எல்லாம் போச்சு. விரதம் முறிந்தது முறிந்ததுதான். இனி நிறுத்தி என்ன பயன்.’ அந்த எண்ணத்தின்மேல் ஏறித்தான் போத்தல் முடிகிறது, வாரம் முடிகிறது, மூன்று மாத முயற்சியும் போகிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இல் வெளிவந்த நூலொன்றில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். ஒரு வழுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுவதில், ‘என் குறைபாடுதான் காரணம், இனி ஒன்றும் செய்ய இயலாது’ என்னும் நினைப்புக்குப் பெரும் பங்குண்டு என்பது அவர் கண்டது. குடிக்க எழும் ஆசையைக் கடலலைக்கு ஒப்பிட்டவரும் அவரே. எழும், உயரும், உடையும். வழமையாக அரைமணி நேரத்துக்குள் அது தணிந்துவிடும் என்று வைத்தியர்கள் சொல்கின்றனர். அலை தன்னை விழுங்கிவிடும் என்று நினைப்பவர் அரைமணி நேரம் பொறுப்பதில்லை. கரைவலை இழுக்கும் ஊர்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த அரைமணி நேரத்தை எப்படிக் கழிப்பது? தனியே கழிக்காதிருப்பதே சிறந்த வழி. 1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் என்ற நகரத்து ஹோட்டலொன்றில் பில் வில்சன் என்பவர் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் படுதோல்வி. ஹோட்டலின் ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் கலகலப்பு. அவர் தொலைபேசியைக் கையில் எடுத்து, அந்நகரத்துத் தேவாலயக் குருமார் வழியாகத் தன்னைப்போலக் குடியோடு போராடும் ஒருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். அப்பேச்சிலிருந்து பிறந்ததே இன்று உலகெங்கும் உள்ள ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ என்ற கூட்டுறவு. வில்சன் அன்று தேடியது புத்தி சொல்பவரையன்று. அவருக்கு வேண்டியிருந்தது தன் யோசனையைச் சொன்னால் விளங்கிக்கொள்ளும் ஒரு ஆள். ஒவ்வொரு ஊரிலும் குடியை விட்டுப் பத்து வருடமான ஒருவராவது இருப்பார். அவர் வெட்கத்தினால் பேசாதிருக்கிறார். புதிதாக விட்டவரும் வெட்கத்தினால் கேட்காதிருக்கிறார். கோயில் திண்ணையில் இருவரையும் பக்கத்தில் இருத்திவிடுவதற்குப் பரிபாலன சபைத் தீர்மானம் ஒன்றும் தேவையில்லை.

வீட்டாருக்குத் திலகவதியார் வழிகாட்டி. சமய மாற்றத்தைக் குடியோடு ஒப்பிடுவதாகாது. பிரிந்து போனவர் திரும்பி வரும்போது வரவேற்ற முறைக்காகவே அவ்வரலாறு இங்கே எடுக்கப்படுகிறது. சூலைநோயால் வருந்திய தம்பி மருள்நீக்கியார் சமணர் மடத்திலிருந்து ஆள் அனுப்பி அழைத்தபோது, திலகவதியார் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதே தமக்கையார், தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்துவந்து காலில் விழுந்தபோது, இத்தனை காலம் எங்கே போனாய் என்று ஏசவில்லை. எழுப்பித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் தாம் திருவலகிட்டு மெழுகும் திருக்கோயிலுக்குக் கூட்டிச் சென்றார். பெரியபுராணம் கூறும் இந்த வரிசை குடும்பத்தவர் பலமுறை எண்ணத்தக்கது. குடிக்கும் இடத்துக்குத் துணை போவதில்லை, குடிக்கக் காசு கொடுப்பதில்லை, பொய் சொல்லிக் காப்பாற்றுவதில்லை. திரும்பி வரும்போது மட்டும் கதவைத் திறந்து, பழையதைக் கிளறாமல், கையில் ஒரு வேலையைக் கொடுப்பது. சட்டைப் பையைத் தடவும் மனைவியைக் குறை சொல்லவும் இயலாது. இருபது வருடம் ஏமாந்தவருக்கு நாற்பது நாளில் நம்பிக்கை வராது. அதை அவர் வாய்திறந்து, ‘பயமாய் இருக்கு, அதுதான் பார்த்தனான்’ என்று சொல்லிவிட்டால், அன்றிரவு கணவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் குறையும்.

ஊரவர் பங்கும் சிறிதன்று. குடியை விட்டவரைக் கண்டதும் "என்ன அண்ணை, எத்தனை நாளைக்கு?" என்று பகிடி விடுபவர்கள், பூசையில் முன்னுக்கு நின்றால் "நேற்றுவரை எங்கே கிடந்தவர்" என்று காதோடு காதாகச் சொல்பவர்கள், இரவு இரண்டு மணிக்கு அவருடைய தலைக்குள் நின்று பேசுவது தங்கள் குரலே என்பதை அறியமாட்டார்கள்.

திருவைந்தெழுத்தைச் செபிப்பது யோசனைக்கு மாற்று என்று பெரியோர் கூறுவதில் ஒரு நுட்பம் உண்டு. சிவாயநம என்பதில் யகரம் உயிரைக் குறிக்கும். சிவமும் அருளும் அதன் ஒரு பக்கத்தில், மறைப்பும் மலமும் மறு பக்கத்தில். உயிர் நடுவில். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன் பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல. பக்கத்துப் பொருளை எடுத்துவிட்டால் பளிங்கில் கறை எஞ்சுவதில்லை. ‘நான் குடிகாரன்’ என்பது பளிங்கில் தெரிந்த நிறம். செபம் செய்யும்போது எண்ணம் ஓடினால், ஓடியதே என்று நொந்துகொள்ளாமல் மறுபடி சிகரத்திலிருந்து தொடங்கவேண்டும். நூறு தரம் ஓடினால் நூறு தரம் தொடங்கவேண்டும். செபமும் அதுவே, குடியை விடுவதும் அதுவே.

நாள்தோறும் காலையில் கருவறை திறந்ததும் குருக்கள் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று நிர்மாலியம் களைவது. முதல்நாள் சாத்திய மாலைகள். அவற்றுள் எது வாடியது, எது இன்னும் வாடாதது, யார் கட்டிக் கொடுத்தது என்று அவர் ஆராய்வதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அபிடேகத்துக்கு நீர் எடுக்கிறார். நிர்மாலியத்துக்கு உரியவர் சண்டேசுர நாயனார். அவருடைய பொறுப்பில் அதை விட்டாயிற்று. நேற்றைய நாள் குடிக்காமல் கழிந்த நாளாக இருந்தாலும், வழுக்கிய நாளாக இருந்தாலும், இன்றைய பூசை இன்றைய பூவில்தான் நடக்கும்.

அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படை ஏந்தியே தலந்தோறும் சென்றார். பாடுவதற்கு நாவுக்கரசர் என்று பெயர் பெற்றவர் புல் செதுக்கவும் தவறவில்லை. கை வேலையில் இருக்கும்போது சித்தம் பழைய கடிதங்களைப் புரட்டுவது குறையும் என்பது வீதி கூட்டியவர்களுக்குத் தெரியும். வைரவர் மடைக்கு மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எந்தக் கோயிலிலும் ஆள் குறைவாகவே இருக்கும். பந்தல் அவிழ்க்கவேண்டும், தோரணம் இறக்கவேண்டும், கச்சான் கோதும் வாழையிலையும் பரந்து கிடக்கும் வெளிவீதியைக் கூட்டவேண்டும். விளக்குமாறுகள் மடப்பள்ளிச் சுவரோடு சாத்தியிருக்கும். யார் வந்து எடுத்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கூட்டி முடியத் தேத்தண்ணி வரும்.